ரஸ்துக்களண்டையில் இருந்தவர்

தியான வேதபகுதி: 1 சாமுவேல் 30:1-25



கடந்த வெள்ளிக்கிழமை நமது தேசத்தின் 79-ஆவது சுதந்தர தினம். வழக்கம்போல் எங்கள் ஆலய வளாகத்தில் கொடியேற்றி, தேசத்திற்காக ஜெபித்து, பிள்ளைகளுக்கு மிட்டாய் வழங்கினோம். ஆனால் ஆண்டுதோறும் அழைக்கும் சிறப்பு விருந்தினரை இம்முறை அழைக்கவில்லை. சபையார் சிலர் காரணம் கேட்டனர். அன்று இரண்டொரு வார்த்தையில் சொல்லிச் சமாளித்தேன். முழுப் பதிலையும் இந்த வாரத் தியானமாக எழுதுகிறேன். இதில் என் தவறு ஒன்றும் அடங்கியிருக்கிறது. போதகன் தன் தவறைச் சொல்வதற்குக் கூச்சப்படலாம், ஆனால் மறைக்கலாகாது.

சென்ற ஆண்டு, 2024 ஆகஸ்ட் 15 அன்று, தொலைக்காட்சித் தொடர் ஒன்றில் இராணுவ அதிகாரியாக நடித்துப் பெயர்பெற்ற ஒருவர் எங்கள் கொடியேற்று விழாவுக்கு வந்தார். சபையார் ஒருவரின் உறவினர் அவர். வாலிபர் சங்கத்தார் அவர் இராணுவ உடையில் நிற்கும் படத்தைப் பெரிய பதாகையாக அச்சிட்டு வாசலில் கட்டினர். அக்கம்பக்கத் தெருவாரும் திரண்டு வந்தனர். ஆலய வளாகத்தில் அத்தனை கூட்டத்தைக் கிறிஸ்துமஸ் ஆராதனையில்கூட நான் கண்டதில்லை. அந்தக் கூட்டத்தைக் கண்டு என் மனம் மகிழ்ந்தது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

நிகழ்ச்சி நிரலில் மற்றொரு பெயரும் இருந்தது. எங்கள் சபையில் முன்னாள் படைவீரர் ஒருவர் இருக்கிறார். 1971-ஆம் ஆண்டுப் போரின்போது அவருக்கு 20 வயது. ஓய்வுக்குப் பின் தமது நிலத்தில் மணிலாவும் நெல்லும் பயிரிட்டு வருகிறார். ஞாயிறுதோறும் கடைசி பெஞ்சில், ஜன்னலோரம் அமர்வார். “உங்கள் போர் அனுபவத்தைப் பிள்ளைகளுக்கு ஐந்து நிமிடம் சொல்லுங்கள்” என்று நான்தான் கேட்டிருந்தேன். சலவை செய்த வெள்ளைச் சட்டையில் பதக்கங்களைக் குத்திக்கொண்டு வந்திருந்தார்.

அவர் ஒலிவாங்கியின் முன் நின்று சொன்ன முதல் வாக்கியம் இதுதான்: “நான் துப்பாக்கி எடுத்துச் சுடலைங்க. காயம்பட்டவங்களைத் தூக்கிக்கிட்டு வர்ற வேலை எனக்கு.” பிள்ளைகளிடம் ஒரு சலசலப்பு. அவர்கள் எதிர்பார்த்து வந்த கதை அதுவன்று. அவர் மெதுவாகப் பேசினார், இடையிடையே நிறுத்தினார். விருந்தினருக்கு வேறோர் ஊரில் நிகழ்ச்சி இருந்தது. இரண்டு நிமிடம் கடந்ததும் நான் அருகில் சென்று, “நேரம் ஆகிறது ஐயா” என்று காதோரம் சொன்னேன். அவர் சட்டென்று நிறுத்தி, கைகூப்பிவிட்டு இறங்கிச் சென்றார். அதன்பின் எழுந்த கரவொலி அவருக்கானதன்று, அடுத்துப் பேச வந்தவருக்கானது.

அந்த நடிகரைக் குறை சொல்ல எனக்கு ஏதுமில்லை. அவர் பண்புள்ள மனிதர். புறப்படும்போது, “ஐயா, அந்தப் பெரியவர் பேசி முடிக்கவில்லையே” என்று என்னிடம் கேட்டவரும் அவரே. நடிப்பைத் தொழிலாகக் கொண்டவர் கவனித்தார். மந்தையை மேய்க்க அழைக்கப்பட்டவன் கவனிக்கவில்லை.

மூன்று மாதங்கள் சென்றன. நவம்பர் மாதத்தில் ஒரு நாள் மாலை, அந்தப் பெரியவர் செய்தித்தாள் ஒன்றை மடித்துக் கையில் பிடித்தபடி போதகர் இல்லத்துக்கு வந்தார். நடிகர் டெல்லி கணேஷ் மறைந்த வாரம் அது. அவர் 2024 நவம்பர் 9 அன்று தமது 80-ஆவது வயதில் காலமானார். அவருடைய உடலுக்கு இந்திய விமானப்படையினர் வந்து மரியாதை செலுத்திய செய்தியைப் பெரியவர் எனக்குக் காட்டினார்.

“ஐயா, எத்தனை படத்தில இவரைப் பார்த்துச் சிரிச்சிருக்கேன். இவரும் நம்மள மாதிரி சர்வீஸ்காரர்னு இன்னைக்குத்தான் தெரியும்.”

எனக்கும் அது புதிய செய்தியாகவே இருந்தது. பின்னர் வாசித்து அறிந்துகொண்டேன். தூத்துக்குடி மாவட்டத்து வல்லநாட்டில் 1944-இல் பிறந்த கணேஷ், 1964 முதல் 1974 வரை பத்து ஆண்டுகள் விமானப்படையில் பணியாற்றியிருக்கிறார். 1965-ஆம் ஆண்டுப் போரும் 1971-ஆம் ஆண்டுப் போரும் நிகழ்ந்தபோது அவர் சீருடையில் இருந்தார். தலைநகரில் தக்ஷிண பாரத நாடக சபாவில் நடித்தார். அந்தத் தொடர்பினாலேயே ‘டெல்லி’ என்பது அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. அந்தப் பெயரை அவருக்குச் சூட்டியவர் இயக்குநர் கே. பாலசந்தர். 1977-இல் ‘பட்டினப் பிரவேசம்’ படத்தில் அவரே அவரைத் திரைக்கு அறிமுகம் செய்தார். 400-க்கும் மேற்பட்ட படங்களில் கணேஷ் நடித்தார். ஆனால் தமிழ் மக்கள் அவரைச் சமையற்காரராகவும், மிருதங்கக் கலைஞராகவும், பாசமுள்ள தகப்பனாகவும் நினைவுகூர்கிறார்களேயன்றி, படைவீரராக அல்ல.

இதே பாலசந்தரின் நாடகமொன்றில் ஓய்வுபெற்ற, பார்வையிழந்த மேஜராக நடித்த சுந்தரராஜன், வாழ்நாள் முழுவதும் ‘மேஜர்’ சுந்தரராஜன் என்றே அறியப்பட்டார். அது அவருடைய நடிப்பின் சிறப்புக்குக் கிடைத்த பட்டம், அதில் தவறேதுமில்லை. ஆயினும் எண்ணிப் பாருங்கள். மேடையில் உடுத்திய சீருடை ஒருவருக்குப் பெயராயிற்று. பத்து ஆண்டுகள் உண்மையாகவே உடுத்திய சீருடை மற்றவருக்கு மரண நாளில்தான் செய்தியாயிற்று.

நான் இப்படி எண்ணிக்கொண்டிருக்கையில் பெரியவர் நாற்காலியில் இன்னும் அமர்ந்திருந்தார். செய்தித்தாளை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தார். அவர் செய்தி சொல்ல மட்டும் வரவில்லை என்பது எனக்கு மெல்ல விளங்கிற்று. “அன்றைக்கு நீங்கள் சொல்ல வந்ததை நான் முழுவதும் கேட்கவில்லை. இப்போது சொல்லுங்கள் ஐயா” என்றேன். நெடுநேரம் கழித்துச் சொன்னார். பெயரும் ஊரும் வேண்டாம், ஆனால் பிறருக்குப் பயன்படுமானால் எழுதலாம் என்று அவர் அனுமதித்ததால் இங்கே எழுதுகிறேன்.

1971 டிசம்பர் மாதம். கிழக்கு எல்லையில் ஓர் இரவு. அவர் இராணுவ மருத்துவப் பிரிவில் இளம் உதவியாளர். அவரும் மற்றொருவரும் ஸ்ட்ரெச்சருடன் சென்றபோது, காயமுற்ற இருவர் சற்று இடைவெளியில் கிடந்தனர். ஒருவரைத்தான் தூக்க முடியும். ஒருவர் வலி தாளாமல் அலறிக்கொண்டிருந்தார். மற்றவர் அமைதியாகக் கண்களைத் திறந்தபடி கிடந்தார்.

“சத்தம் போடுறவனுக்கு மூச்சு இருக்கு. சத்தம் போடாதவனைத்தான் முதல்ல பார்க்கணும்னு பாடத்தில சொல்லிக்கொடுத்திருந்தாங்க ஐயா. தெரியாம இல்ல. ஆனா அந்த நேரத்தில காது கேட்டதைத்தான் கை செஞ்சது. அலறினவரைத் தூக்கிக்கிட்டுப் போயிட்டோம். திரும்பி வந்து பார்த்தா இவரு இல்ல.”

அலறியவர் பிழைத்துக்கொண்டார். அமைதியாகக் கிடந்தவரின் பெயர்கூட இவருக்குத் தெரியாது. 53 ஆண்டுகள் மனைவியிடமும் சொல்லாததை அன்று என்னிடம் சொன்னார். “போர்க்கதை சொல்லுங்கன்னு எல்லாரும் கேக்குறாங்க. எனக்குத் தெரிஞ்ச போர்க்கதை இது ஒண்ணுதான்.”

நான் உடனே வேதவசனம் எதையும் சொல்லவில்லை. சொல்லத் துணியவில்லை. தொண்ணூற்றொன்பது ஆடுகளை விட்டுவிட்டு ஒன்றைத் தேடிப்போன மேய்ப்பரைக் குறித்து எத்தனையோ முறை பிரசங்கித்திருக்கிறேன். ஆனால் ஒன்றைத் தூக்கிக்கொண்டு மற்றொன்றை விட்டுவர நேர்ந்த மனிதனிடம் அதை எப்படிச் சொல்வது? நெடுநேர மௌனத்துக்குப்பின், 139-ஆம் சங்கீதத்தை நினைவூட்டினேன். “பாதாளத்திலும் கர்த்தர் இருக்கிறார் என்று தாவீது அறிந்திருந்தான். நீங்கள் திரும்பி வருவதற்குள் அந்த மனிதர் தனியாக இறந்தார் என்று எண்ணுகிறீர்கள். அவர் தனியாக இருக்கவில்லை என்று நான் விசுவாசிக்கிறேன்” என்றேன்.

“அப்படித்தான் நம்பிக்கிட்டு இருக்கேன் ஐயா. ஆனாலும் பாரம் பாரந்தான்” என்றார். இருவரும் ஜெபித்தோம். அவர் மிதிவண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. என்னை வாட்டியது ஆகஸ்ட் மாதத்து நிகழ்வு மட்டுமன்று. அலமாரியிலிருந்த என் பழைய பிரசங்கக் குறிப்பேடுகளை எடுத்துப் புரட்டினேன். புகழை விட்டுப் போர்க்களம் சென்ற திரைக்கலைஞர்களின் வரலாறுகள் இறையியல் கல்லூரி நாட்களிலிருந்தே எனக்குப் பிரியமானவை. பிலிப்பியர் 2-ஆம் அதிகாரத்தை, தம்மை வெறுமையாக்கி அடிமையின் கோலம் பூண்ட கிறிஸ்துவை விளக்கும்போதெல்லாம் அவற்றை எடுத்தாண்டிருக்கிறேன்.

அமெரிக்க நடிகர் ஜேம்ஸ் ஸ்டூவர்ட் 1941 பிப்ரவரியில் ஆஸ்கர் விருது பெற்றவர். அடுத்த மாதமே சாதாரணச் சிப்பாயாகப் படையில் சேர்ந்தார். முதலில் உடல் எடை போதவில்லை என்று அவரைத் திருப்பி அனுப்பியிருந்தனர். பின்னர் விமானியாகி, ஐரோப்பாவின்மேல் 20 தாக்குதல் பறப்புகளில் பங்குகொண்டு, கர்னலாகத் திரும்பினார். போர் அனுபவத்தைப் பட விளம்பரத்துக்குப் பயன்படுத்த அவர் இடங்கொடுக்கவில்லை. திரும்பி வந்து அவர் நடித்த முதற்படம் 1946-இல் வெளியாயிற்று. வாழ்வில் நொறுங்கிய ஒருவன் கண்ணீருடன் ஜெபிக்கும் காட்சி அதில் உண்டு.

இதைக் காட்டிலும் நான் அதிகமுறை எடுத்துக்கூறியது லூ ஏர்ஸ் என்ற நடிகரின் கதை. முதல் உலகப்போரின் கொடுமையைக் காட்டும் ‘ஆல் குவயட் ஆன் தி வெஸ்டர்ன் ஃப்ரண்ட்’ என்ற 1930-ஆம் ஆண்டுப் படத்தில் இளம் ஜெர்மானியச் சிப்பாயாக நடித்துப் புகழ்பெற்றவர் அவர். பின்னர் மருத்துவராக நடித்த தொடர் படங்களும் வெற்றிபெற்றன. 1942-இல், கொலை செய்ய மனச்சாட்சி இடந்தராது என்று கூறி ஆயுதமேந்த மறுத்தார். நாடே கொதித்தது. பல திரையரங்குகள் அவர் படங்களைத் திரையிட மறுத்தன. அவரோ போரிலிருந்து ஒதுங்கிக்கொள்ளவும் விரும்பவில்லை. மருத்துவ உதவியாளராகச் சேர்ந்து, நியூ கினியாவிலும் பிலிப்பைன்ஸ் தீவுகளிலும் காயமுற்றோரைப் பராமரித்தார், படைக் குருவானவருக்கும் உதவினார். திரையில் மருத்துவராக நடித்தவர், குண்டு விழும் இடத்தில் புண்களுக்குக் கட்டுப்போட்டார்.

இந்தக் கதையை எங்கள் ஆலயப் பிரசங்க பீடத்திலிருந்தே குறைந்தது மூன்று முறை சொல்லியிருக்கிறேன். குறிப்பேட்டில் தேதிகள் உள்ளன. அந்த மூன்று முறையும் கடைசி பெஞ்சில் ஜன்னலோரம் ஒருவர் அமர்ந்திருந்தார். துப்பாக்கி தூக்காமல் போர்க்களத்தில் மனிதரைத் தூக்கியவர். கடல் கடந்த தேசத்து நடிகரின் வரலாற்றைப் புத்தகத்தில் தேடிப் படித்த நான், பத்து வரிசை தள்ளி அமர்ந்திருந்தவரிடம், “நீங்கள் படையில் என்ன செய்தீர்கள்?” என்று ஒருமுறையும் கேட்டதில்லை.

பிரியமானவர்களே, புகழ்பெற்றவர்கள் செய்த சேவையைப் பாராட்டுவது பிழையன்று. 1965-ஆம் ஆண்டுப் போரின்போது சிவாஜி கணேசன் உள்ளிட்ட தமிழ்த் திரைக்கலைஞர்கள் எல்லைக்குச் சென்று படைவீரரை மகிழ்வித்தனர். 1999-இல் கார்கில் போர்க்காலத்தில் இந்தி நடிகர் நானா படேகர் பிராந்திய இராணுவத்தில் அதிகாரியாகப் பணியாற்றினார். இவையெல்லாம் நன்றியோடு நினைக்கத்தக்கவை. எனது பிழை வேறு. புகழ் என்னும் விளக்கு விழுந்த இடத்தில் மட்டுமே தியாகத்தைக் காண என் கண் பழகிவிட்டது. அந்த விளக்கு விழாத இடத்திலும் அதே தியாகம் இருந்தது. எனக்கு அது தெரியவில்லை.

இங்கேதான் இவ்வாரத்து வேதபகுதி என்னை நியாயந்தீர்த்தது.

தாவீது யார்? முதலில் அவன் ஒரு கலைஞன். சவுலின் அரண்மனைக்கு அவன் அழைக்கப்பட்டது வாளுக்காக அன்று, சுரமண்டலத்துக்காக. பிறகே அவன் போர்வீரனானான். கோலியாத்தை வீழ்த்திய பின் இஸ்ரவேலின் பட்டணங்களிலெல்லாம் பெண்கள் அவனைப் புகழ்ந்து ஆடிப்பாடினர். தேசத்திலேயே அதிகம் அறியப்பட்ட பாடகனும் படைவீரனும் ஒருவனே. கரவொலியின் இனிமையையும் அது சவுலின் உள்ளத்தில் மூட்டிய பொறாமைத் தீயையும் அவன் நன்கு அறிந்திருந்தான்.

சிக்லாகு ஊரை அமலேக்கியர் சுட்டெரித்து, பெண்களையும் பிள்ளைகளையும் சிறைபிடித்துச் சென்றபோது, தாவீது 600 பேருடன் துரத்திச் சென்றான். பேசோர் ஆற்றண்டையில் 200 பேர் களைத்து விழுந்தனர். அவர்களால் ஆற்றைக் கடக்க இயலவில்லை. 400 பேர் மேலே சென்று எல்லாரையும் மீட்டு வந்தனர். திரும்பி வருகையில், களைத்துப்போன 200 பேருக்குக் கொள்ளையில் பங்கில்லை என்று சிலர் வாதாடினர். அவர்கள் சொல்லில் நியாயம் இருப்பதுபோலவே தோன்றும். போர் செய்தவன் ஒருவன், மூட்டைக்குக் காவல் இருந்தவன் மற்றொருவன். இருவரும் சமமா?

சமமே என்றான் தாவீது. வெற்றி கர்த்தர் கொடுத்தது, ஆகவே அதைப் பங்கிடும் உரிமை நமதன்று என்பது அவன் வாதத்தின் சாரம். நம் பழைய மொழிபெயர்ப்பு இங்கே ‘ரஸ்து’ என்ற சொல்லை ஆள்கிறது. படையின் தட்டுமுட்டுகளும் உணவு மூட்டைகளும் அதன் பொருள். ரஸ்துக்களண்டையில் இருந்தவனுக்கும் போர்முனைக்குப் போனவனுக்கும் சமபங்கு என்பதை அவன் இஸ்ரவேலில் நிலையான கட்டளையாகவே ஏற்படுத்தினான்.

இப்பகுதியைப் பலமுறை வாசித்திருந்தும் 21-ஆம் வசனத்தில் ஒரு செய்தியை நான் கவனியாமல் விட்டிருந்தேன். பங்கைப் பற்றிய பேச்சு எழுவதற்கு முன்பே, தாவீது அந்த 200 பேரண்டையில் போய் அவர்களுடைய சுகத்தை விசாரித்தான். சமபங்கு என்ற சட்டம் அதற்குப் பிறகுதான் வருகிறது. “ஏன் வரவில்லை?” என்று அவன் கேட்கவில்லை. “எப்படி இருக்கிறீர்கள்?” என்று கேட்டான். இதையே நான் என் சபையில் செய்யத் தவறினேன்.

தாவீதை மாசற்றவனாகக் காட்டுவது என் நோக்கமன்று. பின்னொரு காலத்தில் அவன் அரண்மனையில் தங்கிவிட்டு மற்றவர்களைப் போருக்கு அனுப்பினான். உரியாவுக்கு நேர்ந்ததை நாம் அறிவோம். மிகுந்த இரத்தம் சிந்தியதால் ஆலயம் கட்டும் பாக்கியமும் அவனுக்குக் கிடைக்கவில்லை. வேதம் போரை அலங்கரித்துக் காட்டுவதில்லை. சமாதானப் பிரபுவின் ஊழியனாகிய நானும் அலங்கரிக்கக் கூடாது. அந்தப் பெரியவரின் கதையைக் கேட்டபின் அலங்கரிக்க மனமும் வரவில்லை.

செஞ்சியில் வாழும் நமக்கு இந்தப் பாடம் கண்ணெதிரே கல்லாக நிற்கிறது. நமது கோட்டை கடந்த ஜூலை மாதம், மராட்டிய இராணுவக் கோட்டைகள் பன்னிரண்டில் ஒன்றாக யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அதுமுதல் வெளியூர்ப் பயணிகள் பெருகியுள்ளனர். வருகிறவர்கள் கேட்பது ராஜா தேசிங்கின் கதையை. 1714-இல் ஆர்க்காட்டு நவாபின் பெரும்படையை ஒரு சிறுபடையுடன் எதிர்த்து மடிந்த இளைஞன் அவன். தன் திருமணத்தை விட்டெழுந்து வந்து அவனுக்காக உயிர்விட்ட முகமதிய நண்பனையும் கதைப்பாடல் போற்றுகிறது. நமது பகுதித் தெருக்கூத்தில் அக்கதை விடிய விடிய நடப்பதைச் சிறுவயதில் கண்டிருக்கிறேன். தேசிங்கின் குதிரைக்குக்கூடப் பாட்டில் பெயருண்டு.

சென்ற மாதம் வாலிபர்களைக் கோட்டைக்கு அழைத்துச் சென்றேன். கல்யாண மகாலைக் கண்டபின், அவர்கள் ராஜகிரி உச்சிக்கு ஏற அவசரப்பட்டனர். நான் அவர்களைத் தானியக் களஞ்சியத்தின் முன் நிறுத்தினேன். தடித்த சுவர்கள், வளைந்த கூரை, உள்ளே வௌவால் வாடை. இங்கே எவரும் படமெடுத்துக்கொள்வதில்லை. “முகலாயர் படை இந்தக் கோட்டையை 1690 முதல் 1698 வரை ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் முற்றுகையிட்டது. உள்ளே இருந்தவர்கள் அத்தனை காலம் எதைக்கொண்டு தாக்குப்பிடித்தார்கள்?” என்று கேட்டேன். ஒருவன் “பீரங்கி” என்றான். ஒரு பெண்பிள்ளை கட்டடத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, “சோறு” என்றாள். எல்லாரும் சிரித்தனர். அவள் சொன்னதே விடை. நெல் அளந்தவர், குத்தியவர், குளத்திலிருந்து நீர் சுமந்தவர், புண்ணுக்கு மருந்திட்டவர் என்று எத்தனையோ பேர் இங்கே இருந்திருப்பார்கள். அவர்களில் ஒருவர் பெயரையும் எந்தப் பாட்டும் நமக்குச் சொல்லவில்லை.

பெரியவரிடம் நான் மன்னிப்புக் கேட்டேன். “அதை விடுங்க ஐயா” என்றார். இந்த ஆண்டு மீண்டும் பேச அழைத்தபோது மறுத்துவிட்டார். “பேச்சு வேண்டாம். வேணும்னா ஜெபம் பண்றேன்” என்றார்.

ஆகவே இம்முறை விருந்தினர் இல்லை. மாறாக, ஜூலை மாதம் முழுவதும் வீடு வீடாகச் சென்று ஒரு கேள்வி கேட்டேன்: “உங்கள் குடும்பத்தில் எவரேனும் படையில் பணியாற்றியதுண்டா?” பத்தொன்பது ஆண்டு போதக ஊழியத்தில் நான் இதை எவரிடமும் கேட்டதில்லை. ஞாயிறு பள்ளி ஆசிரியை ஒருவரின் தகப்பனார் இராணுவ லாரி ஓட்டியவராம். காய்கறிக் கடை வைத்திருக்கும் சகோதரர் படையின் சமையற்கூடத்தில் பதினேழு ஆண்டுகள் ரொட்டி சுட்டவராம். பெண்கள் ஐக்கிய சங்கத்துத் தாயார் ஒருவர், கணவர் எல்லையில் இருந்த காலத்தில் மூன்று பிள்ளைகளைத் தனியே வளர்த்த கதையைச் சொல்லிக் கண்ணீர் விட்டார். “இதையெல்லாம் யார் ஐயா கேட்டாங்க?” என்றார். எவரும் கேட்கவில்லை என்பதே உண்மை.

வெள்ளிக்கிழமை காலை அவர்களெல்லாரும் முன்வரிசையில் அமர்ந்தனர். கூட்டம் சென்ற ஆண்டைப்போல் பாதிகூட இல்லை. பெரியவர் எழுந்து நின்று, இரு நாட்டு எல்லையிலும் நிற்கும் பிள்ளைகளுக்காகவும், அவர்களுடைய தாய்மாருக்காகவும் ஜெபித்தார். இறுதியில், தாம் பெயரறியாத ஒருவருடைய குடும்பத்தைக் கர்த்தர் ஆசீர்வதிக்க வேண்டும் என்று கேட்டார். சபையாருக்கு அது யார் என்று தெரியாது. எனக்குத் தெரியும். அவர் குரல் அந்த இடத்தில் தடுமாறியது. நான் நேரத்தைப் பார்க்கவில்லை.

அன்பானவர்களே, இதைப் படிக்கும் உங்கள் சபையிலும், வீட்டிலும், தெருவிலும், அலறாமல் கிடப்பவர் ஒருவர் இருக்கக்கூடும். அலறுகிறவரைக் கவனிக்க நம் காதே போதும். அமைதியாய் இருப்பவரைக் கவனிக்க நாமே எழுந்து போக வேண்டும். இந்த வாரம் அப்படிப்பட்ட ஒருவரண்டையில் போய் உட்காருங்கள். உபதேசம் வேண்டாம். தாவீது செய்ததுபோல் முதலில் சுகத்தை விசாரியுங்கள். அவர் பேசத் தொடங்கினால், முடிக்கும்வரை கேளுங்கள்.

ஜெபம்: ஆண்டவரே, மகிமையின் கோலத்தை விட்டு அடிமையின் கோலத்தை எடுத்தவரே, எவரும் காணாத இடங்களில் உண்மையாய் ஊழியம் செய்தவர்களை நீர் கண்டீர். அவர்களைக் காண எங்களுக்கும் கண்களைத் தாரும். தூக்க முடியாமல் விட்டுவந்தவர்களின் பாரத்தைச் சுமந்து வாழ்கிறவர்களோடு நீர் இரும். போர்கள் ஓயும் நாளை விரைவில் காணச் செய்யும். இயேசுவின் நாமத்தில், ஆமென்.

கிறிஸ்துவின் ஊழியத்தில்,
உங்கள் போதகர், செஞ்சி